வேனுக்கு எந்த இன்ஜின்? - ஒரு பொட்டி தட்டுறவனின் தீர்ப்பு

மூணு வாரமா கராஜ்ல வேன் நிக்குது, ஆனா பின்னாடி மூடியைத் திறந்தா இன்ஜின் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பள்ளம்தான். இன்ஜின் கீழே ஒரு பழைய டயர் மேல உட்கார்ந்திருக்கு. பக்கத்துல அட்டைப்பெட்டியில மூணாம் நம்பர் பிஸ்டன், தலையில ஓட்டையோட. அதுக்குள்ள பொதிஞ்சு கிடக்குது ஒரு எக்ஸாஸ்ட் வால்வோட தலை. தங்கமணி அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "இதுலதான் உங்க அப்பா அம்மாவை மலைக்குக் கூட்டிட்டுப் போறதா பிளானா?"

ஆமாங்க, அதுதான் பிளான். வர்ற ஜூன்ல ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. ஃப்ரீமான்ட்லேர்ந்து யோசெமிட்டி வரைக்கும் இந்த வேன்லயே போகணும்னு ரெண்டு வருஷ ஆசை. வேன் 1971 மாடல் ஃபோக்ஸ்வேகன் பஸ். எங்க அப்பாவைவிட ஒன்பது வயசு சின்னது. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், இது இன்னும் ஆகலை. :-)

இன்ஜின் போனதுலேர்ந்து ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்றாங்க. "பெருசா ஒண்ணு கட்டிப் போடு", "சுபாரு போடு", "பேட்டரி போடு", "வித்துத் தொலை". (கடைசி யோசனை யார் சொன்னதுன்னு நான் சொல்லத் தேவையில்லை.) படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு பொட்டி தட்டுறது. ஆணி அதிகமா இருந்தாலும் ராத்திரி உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டு, யோசிச்சு, ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அந்த முடிவும், அதுக்கான காரணமும்தான் இந்தப் பதிவு.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். கம்பெனிக்காரன் என்ன இன்ஜின் போட்டு அனுப்பினானோ அதே 1600 சிசி. ஒரு மில்லிமீட்டர்கூடப் பெருசாக்கப் போறதில்லை.

வண்டியைத் தெரியாதவங்களுக்கு

டச்சுக்காரர் பென் பொன் 1947ல ஒரு நோட்டுல பெட்டி மாதிரி ஒரு படம் வரைஞ்சார். பீட்டில் காரோட இன்ஜினைப் பின்னாடி வெச்சு, மேல ஒரு பெட்டியைக் கவுத்தா அதுதான் வேன். 1950ல வுல்ஃப்ஸ்பர்க்ல தயாரிப்பு ஆரம்பிச்சப்ப இன்ஜின் 1131 சிசி, 25 குதிரைத்திறன். இன்னிக்கு நம்ம ஊர் மோட்டார் சைக்கிள்லயே அதைவிட அதிகம் இருக்கு. 1967ல முன்கண்ணாடி ரெண்டாப் பிரிஞ்ச பழைய முகம் போய், ஒரே கண்ணாடி வெச்ச புது முகம் வந்துச்சு. என்னோடது அந்த ரெண்டாவது ரகம். ஜெர்மனியில 1979ல நிறுத்தினாங்க. பிரேசில்ல 2013 டிசம்பர் வரைக்கும் ஓடிச்சு, அதுலயும் 2005 கடைசி வரைக்கும் காத்துல குளிர்ற இன்ஜின்தான்.

71 மாடலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்த வருஷம்தான் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்துச்சு, 1600 இன்ஜினோட ஹெட்ல சிலிண்டருக்கு ஒண்ணுன்னு தனித்தனி காத்துப் பாதை வந்துச்சு. 1584 சிசி, 50 குதிரைத்திறன். அமெரிக்க விளம்பரத்துல இதையே 60ன்னு போட்டுக்கிட்டாங்க, அவங்க அளக்குற முறை வேற.

செத்தது எப்படி?

இங்கதான் கதையே. நான் வாங்கினப்ப வேன்ல இருந்தது அந்தப் பழைய 1600 இல்லை. பழைய ஓனர் ஏதோ ஒரு கடையில குடுத்து, 85.5 மி.மீ. சிலிண்டரைத் தூக்கிட்டு 94 மி.மீ. சிலிண்டர் போட்டு 1914 சிசி ஆக்கியிருந்தார். ரெண்டு கார்புரேட்டர். ஃபேனைச் சுத்தி பளபளன்னு குரோம் பூசின உறை. பார்த்தவுடனே விழுந்துட்டேன். ஓட்டினா சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு. எட்டு மாசம்.

இறக்கிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அந்தக் குரோம் உறைக்குள்ள காத்தைப் பிரிச்சு நாலு சிலிண்டருக்கும் அனுப்புற தகடுகளே இல்லை. தெர்மோஸ்டாட்டும் அதோட மடல்களும் கிடையாது. சிலிண்டருக்கு அடியில இருக்க வேண்டிய தகடு ரெண்டு காணோம். இன்ஜின் அறையைச் சுத்தி வர்ற ரப்பர் சீல் பாதிதான் இருந்துச்சு. அதாவது சக்தியைக் கூட்டிட்டு, குளிர வைக்கிற சாமானை எல்லாம் கழட்டிப் போட்டுட்டாங்க. வால்வு தலை கழண்டு விழாம வேற என்ன பண்ணும்?

சூடுதான் விஷயம்

இந்த இன்ஜின்ல ரேடியேட்டர் இல்லை, தண்ணி இல்லை. ஒரு ஃபேன், அதை ஓட்ட ஒரு பெல்ட், காத்தை வழி நடத்த நாலு தகடு, கொஞ்சம் ஆயில். ஆயில்கூட மொத்தமே 2.5 லிட்டர். நாம ஊத்துற பெட்ரோல்ல கால்வாசி வேலையாச்சுன்னாலே பெரிய விஷயம். மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டுல ஒரு பங்கு சைலன்சர் வழியாப் போயிடும். இன்னொரு பங்கை இந்த ஃபேனும் ஆயிலும்தான் வெளியே தள்ளணும்.

இப்ப சிலிண்டரைப் பெருசாக்கினா என்ன ஆகும்? பெட்ரோல் கூட எரியும், சூடு கூட வரும். ஆனா ஃபேன் அதேதான், ஹெட்ல இருக்கிற அலுமினிய இதழ்கள் அதே அளவுதான். வரவு ஏறல, செலவு மட்டும் ஏறிச்சு. பீட்டில் கார்ல இது தாங்கும். அது எடை கம்மியான வண்டி, நாலு நிமிஷம் மிதிச்சுட்டு விட்டுடுவோம். வேன் அப்படி இல்லை. காலியா இருந்தாலே 1,200 கிலோவுக்கு மேல, முகம் சுவர் மாதிரி. ஹைவேயில ஏறினா ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்கவே முடியாது. சக்தி இருக்குன்னா அதை மணிக்கணக்கா முழுசா உறிஞ்சிடும்.

இதுல மூணாம் நம்பர் சிலிண்டருக்குத்தான் எப்பவும் பாவம். பழைய இன்ஜின்கள்ல ஆயில் கூலர் ஃபேன் உறைக்குள்ளயே, அந்த சிலிண்டருக்கு நேர் மேல இருக்கும். கூலரைச் சூடாக்கிட்டு வர்ற மிச்சக் காத்துதான் அதுக்கு. 71ல கூலரை உறைக்கு வெளியே தனி அறை கட்டி நகர்த்தினாங்க. ஜெர்மன்காரனே இருபது வருஷம் கழிச்சுத்தான் சரி பண்ணினான். என் வண்டியில இருந்த குரோம் உறையில அந்தத் தனி அறை இல்லை. அதாவது 1971ல தீர்த்த பிரச்சினையைக் காசு குடுத்துத் திரும்ப வாங்கியிருக்கார் பழைய ஓனர்.

அதனால நான் என்ன சொல்றேன்னா, எத்தனை குதிரைத்திறன்னு ஆரம்பிக்காதீங்க. இந்த வண்டி எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும்னு பாருங்க. அதுக்குத் தகுந்த இன்ஜின் தானா வந்து நிக்கும்.

போட்டியில இருந்தவங்க

1776 சிசி: 90.5 மி.மீ. சிலிண்டர். பெருசாக்குறதுலயே கொஞ்சம் நியாயமானது இதுதான். சிலிண்டர் சுவர் நல்ல தடிமன். இதே துளையில 92 மி.மீ. சிலிண்டரும் போடலாம், ஆனா சுவர் மெலிஞ்சிடும். 1776ஐ ஒழுங்கா, கம்ப்ரெஷனை ஏத்தாம கட்டி, தகடெல்லாம் இருந்தா வேன்ல ரொம்ப நாள் ஓட்டுறவங்க இருக்காங்க. ஆனா கிராங்க் கேஸைத் திறந்து, துளையைப் பெருசாக் கடையணும். கடைஞ்சா திரும்பிப் போக வழியில்லை. என் கையில இருக்கிற நல்ல பழைய கேஸை அதுக்குக் குடுக்க மனசு வரலை.

டைப் 4: இது ஃபோக்ஸ்வேகன்காரனே வேனுக்குக் கண்டுபிடிச்ச பதில். 1968ல 411 காருக்காக வந்தது, அப்புறம் போர்ஷே 914லயும் ஓடிச்சு. கேஸ் அலுமினியம், முறையான ஆயில் ஃபில்டர் உண்டு (நம்ம 1600ல ஒரு சல்லடை மட்டும்தான்), ஃபேன் நேரா கிராங்க்லயே மாட்டியிருக்கும், பெல்ட் அறுந்து குளிர் நிக்கிற கதையே இல்லை. அமெரிக்காவுக்கு வந்த பஸ்ல 1972லேர்ந்து 1700, அப்புறம் 1800, 1976லேர்ந்து 2000 சிசி. உங்க வேன் அந்த வருஷங்கள்ல ஒண்ணுன்னா கண்ணை மூடிக்கிட்டு அதையே சரி பண்ணிப் போடுங்க. என்னோடது ஒரே ஒரு வருஷத்துல தவற விட்டுடுச்சு! மாத்தணும்னா தாங்கி, தகடு எல்லாம் மாறும். உதிரிபாகமும் 1600 மாதிரி மலிவாக் கிடைக்காது.

சுபாரு: உண்மையைச் சொல்றேன், ஒரு வாரம் இதுதான் என் முடிவா இருந்துச்சு. அதுவும் படுத்த நாலு சிலிண்டர்தான், 2.2 லிட்டர், ஏறக்குறைய 130 குதிரை. குளிர்காலத்துல நிஜமாவே சூடு வர்ற ஹீட்டர் வேற! ஆனா எக்செல்ல வரிசையா எழுத ஆரம்பிச்சேன்: முன்னாடியோ அடியிலயோ ரேடியேட்டர், அதுக்கு நீளமா தண்ணிக் குழாய், கியர்பாக்ஸோட சேர்க்க அடாப்டர், கம்ப்யூட்டர் பெட்டி, அந்த கார்லேர்ந்து உரிச்சு எடுத்த வயர் கட்டு, ஃபியூயல் பம்ப், அந்தச் சக்தியை கியர்பாக்ஸ் தாங்குமாங்கிற கவலை, பிரேக்.

பதினாலாவது வரியில நிறுத்திட்டேன். நம்ம ஆபீஸ்ல இதை நான் பார்த்திருக்கேன். பழைய சிஸ்டம்ல ஒரு மாடியூல் மெதுவா இருக்குன்னு அதை மட்டும் மாத்தப் போவோம். அது கூடப் பேசுற பத்து சிஸ்டத்தையும் மாத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். டெட்லைன் ஜூன்னு சொன்னா அடுத்த ஜூன். சுபாரு நல்ல இன்ஜின், சந்தேகமே இல்லை. நான் வாங்கப் போறது இன்ஜின் இல்லை, ஒரு பிராஜெக்ட்.

பேட்டரி: 2020ல ஃபோக்ஸ்வேகனே ஒரு 1966 பஸ்ஸுக்கு 83 குதிரை மோட்டாரும் 45 கிலோவாட் மணி பேட்டரியும் போட்டுக் காட்டிச்சு, 200 கிலோமீட்டருக்கு மேல போகும்னு. விலை ஏறக்குறைய 65 ஆயிரம் யூரோவுல ஆரம்பம். அடுத்த வரிக்குப் போவோம்.

"ஆனா ரொம்ப ஸ்லோவா இருக்குமே?"

இதுதான் நல்ல கேள்வி, தங்கமணி கேட்டது. வேகம் கம்மின்னா அதுவும் ஆபத்துதானே? வயசானவங்களை வெச்சுக்கிட்டு ஹைவேயில பின்னாடி ஆள் முட்டுற மாதிரி போறதா?

மழுப்ப விரும்பலை. 1600 போட்ட வேன் சமவெளியில நிம்மதியா 55 - 60 மைல் போகும். ஏத்தத்துல மூணாவது கியர்ல 40. அல்டமான்ட் கணவாயில காத்தாடி மில்லுக்குப் பக்கத்துல எதிர்க்காத்து வந்தா அதுவும் குறையும். யோசெமிட்டிக்கு 120ஆம் ரோட்டுல போனா பிரீஸ்ட் கிரேடு ஏத்தம், அப்புறம் கிரேன் ஃபிளாட்ல 6,000 அடிக்கு மேல. ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் போல சக்தி குறையும்னு வெச்சா, 50 குதிரையில 41தான் மேல வந்து சேரும்.

ஆனா கலிஃபோர்னியாவுல பெரிய லாரிகளுக்கு வேக வரம்பே 55 மைல்தான். வலது ஓரத்துல நாற்பது டன் ஓட்டுறவன் அந்த வேகத்துல நாள் பூரா போறான். நானும் அவன் பின்னாடி போறேன். மலையில பின்னாடி வண்டி சேர்ந்தா ஓரம் கட்டி வழி விடுறேன். மெதுவாப் போறது ஒரு ஆபத்துன்னா அது எப்ப வரும், எங்க வரும்னு எனக்கு முன்கூட்டியே தெரியும். வால்வு உடையுறது அப்படிச் சொல்லிட்டு வராது. எனக்கு அல்டமான்ட்ல, நடு லேன்ல, ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வந்துச்சு. இன்ஜின் பூட்டிக்கிச்சு, பின்னாடி ஒரு டிரக். எப்படி ஓரத்துக்கு வந்தேன்னு இப்பவும் சரியா ஞாபகம் இல்லை. தங்கமணிக்கு இந்த வரி வரைக்கும் இந்த விவரம் தெரியாது...

தினமும் ஆபீசுக்கு இதே வண்டியில 40 மைல் ஃப்ரீவேயில போகணும், 70க்குக் குறையக் கூடாதுங்கிறவங்களுக்கு என் வாதம் செல்லாது. நீங்க சுபாருவே போடுங்க, வருஷம் ஒண்ணானாலும் பரவாயில்லைன்னு போடுங்க. ஆனா 1914 மட்டும் கட்டாதீங்க. வேகமும் வேணும், பழைய காத்து இன்ஜினும் வேணும்னு ரெண்டுங்கெட்டான் வழியில போனவர்தான் எனக்கு வண்டி வித்தவர்.

மிச்சக் காசு எங்கே போகுது?

என் பட்ஜெட் ஐயாயிரம் டாலர். ஸ்டாண்டர்ட் 1600க்கு பாகம் எல்லாம் சுலபமாக் கிடைக்கும். மெக்சிகோவுல பீட்டில் 2003 வரைக்கும் இதே இன்ஜினோட வந்ததே. அதனால மிஞ்சுற காசுல, இன்ஜினைச் சுத்தி இருக்கிறதைச் சரி பண்றேன்:

- புது ஹெட் ரெண்டு. பழசை வெல்டிங் பண்ணித் தேத்துறது வேண்டாம்னு முடிவு.
- 71ல வந்த மாதிரியே, கூலர் வெளியே இருக்கிற ஃபேன் உறை. கறுப்பு பெயின்ட். குரோம் பார்க்க அழகு, கறுப்புதான் சூட்டை நல்லா விடும்.
- எல்லாத் தகடும், தெர்மோஸ்டாட்டும், மடல்களும், சுத்தி வர்ற ரப்பர் சீலும். கீழ இருக்கிற சுடு காத்து மேல வரவே கூடாது.
- மூணாவது சிலிண்டர் ஸ்பார்க் பிளக்குக்கு அடியில ஒரு வெப்பமானி. டாஷ்போர்டுல முள் ஏறினா எனக்குத் தெரியும்.
- பெட்ரோல் ஹோஸ் மொத்தமும் புதுசு.

கடைசி வரியைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. இந்த வேன்கள்ல நிறைய ரோட்டோரம் எரிஞ்சே போயிருக்கு. காய்ஞ்ச ஹோஸ் ஒண்ணு வெடிச்சா, இல்லைன்னா கார்புரேட்டர்ல சும்மா அழுத்திச் சொருகின பித்தளைக் குழாய் கழண்டா, பெட்ரோல் நேரா சூடான இன்ஜின் மேல ஊத்தும். 1600ஓட கேஸ் மக்னீசியம் கலவை. அது பத்திக்கிட்டா தண்ணி ஊத்தினா இன்னும் மோசம். டேங்க் இன்ஜினுக்கு முன்னாடியே இருக்கு, அதுக்கு முன்னாடி சீட்டுல எங்க அம்மா. இந்த ஒரு காரணத்துக்காகவே, இருபது குதிரை கூட்டுறதுக்கு முன்னாடி இருபது அடி ஹோஸ் மாத்துங்கன்னு சொல்வேன்.

இன்னும் ரெண்டு விஷயம் காசே இல்லாம. ஒண்ணு, 3,000 மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாத்தி, இன்ஜின் ஆறினப்புறம் வால்வு இடைவெளி 0.15 மி.மீ. வைக்கிறது. எக்ஸாஸ்ட் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டே வந்தா வால்வு நீளுதுன்னு அர்த்தம், உடையப் போறதுக்கு முன்னாடி அது குடுக்கிற ஒரே தகவல். ரெண்டு, ஏத்தத்துல நாலாவது கியர்ல திணற விடாம மூணுக்கு இறங்குறது. ஃபேன் இன்ஜினோட சேர்ந்து சுத்துது. இன்ஜின் வேகமாச் சுத்தினாத்தான் காத்து வரும். சத்தம் வருதேன்னு பயந்து நாலாவதுலயே இழுத்தா, அதிகச் சூடு, குறைஞ்ச காத்து. ஓட்டத்துல சிவப்பு சார்ஜ் லைட் எரிஞ்சா அப்பவே ஓரம் கட்டி அணைச்சுடணும். பெல்ட் அறுந்திருந்தா ஃபேனும் நின்னுருக்கும்.

கடைசியா

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அப்பப்ப கராஜுக்கு வந்து நின்னு பார்ப்பார். எழுபதுகள்ல இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தவர். 1600தான்னு சொன்னப்ப பாராட்டுவார்னு நெனச்சேன். "கிராங்க் ஆட்டம் அளந்தியா?"ன்னு மட்டும் கேட்டார். அளந்தேன். 0.07லேர்ந்து 0.13 மி.மீ.க்குள்ள இருக்கணும், மூணு ஷிம்மை மாத்தி மாத்தி வெச்சு 0.10 வந்துருக்கு. தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல கேட்டாங்க, வண்டியில ஏசி உண்டான்னு. இன்ஜினுக்கே காத்து பத்தாதும்மான்னு சொன்னேன். அப்பா போனை வாங்கி, "இன்ஜின் இறக்கினியாமே, எந்த சிலிண்டர்?"ன்னார். மூணுன்னேன். சாயந்திரம் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கார்.

ஹெட் ரெண்டும் அடுத்த வாரம் வருது. ஓடினப்புறம் அடுத்த பதிவு, ஓடலைன்னாலும்தான்.

டிஸ்கி: தங்கமணி இந்தப் பதிவைப் படிக்கிறதுக்குள்ள அல்டமான்ட் விஷயத்தை நேர்லயே சொல்லிடறதா இருக்கேன். இன்னிக்கு ராத்திரி. சாப்பிட்டதுக்கு அப்புறம். :-(